தண்டுவடக் காயம்: ‘க்ரோத் ஃபேக்டர்’ ஊசி போட்டால் எழுந்து நடக்க முடியுமா? எலி ஆய்வு முதல் மனிதர்கள் வரை - முழு விளக்கம்

இன்ஸ்டாகிராமில் முடி உதிர்வு பற்றி ஒருமுறை தேடிப் பாருங்கள். கொஞ்ச நேரத்திலேயே ‘ஜிஎஃப்சி ட்ரீட்மென்ட்’ விளம்பரம் வந்து நிற்கும். அதில் வரும் ‘ஜிஎஃப்’ என்பது க்ரோத் ஃபேக்டர். தமிழில், வளர்ச்சிக் காரணி.

இதே வார்த்தை இப்போது இன்னொரு இடத்திலும் அடிபடுகிறது. ‘க்ரோத் ஃபேக்டர் கொடுத்ததும் முடங்கிக் கிடந்த எலி எழுந்து நடந்தது, பக்கவாதத்துக்கு முடிவு வந்தாச்சு’ என்கிற ரகத்தில் வாட்ஸ்அப் ஃபார்வேர்டுகள் வருகின்றன. நமக்கு அது இன்னொரு வீடியோ, அவ்வளவுதான். ஆனால் பைக் விபத்தில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் வீட்டில் ஒருவர் இருந்தால் அதை அப்படிக் கடந்துபோக முடியாது. ‘எங்கே கொடுக்கிறாங்க? எவ்ளோ ஆகும்?’ என்று கேட்கத்தான் தோன்றும்.

எலி நடந்தது உண்மை. ஆனால் அது ஒரே ஓர் ஊசியால் நடந்ததல்ல. அந்த வித்தியாசம் புரிந்தால், இந்தத் துறையில் எது நிஜ முன்னேற்றம், எது வியாபாரம் என்று நாமே பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

தண்டுவடத்துக்குள் என்ன இருக்கிறது?

முதுகெலும்பு வேறு, தண்டுவடம் வேறு. எலும்புக் கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய குழாய்தான் முதுகெலும்பு. அதற்குள் மூளையிலிருந்து இறங்கி வரும் நரம்புத் திசுதான் தண்டுவடம். பெரியவர்களுக்குச் சுமார் 45 சென்டிமீட்டர் நீளம், சுண்டுவிரல் பருமன். அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் பிரிந்து கை, கால், நெஞ்சு, வயிறு என்று உடல் முழுக்கப் போகின்றன.

ஒவ்வொரு நரம்பு செல்லிலிருந்தும் ஒரு நீளமான இழை கிளம்பும். இதற்கு ஆக்ஸான் என்று பெயர். மைக்ரோஸ்கோப்பில்தான் தெரியும் அளவு மெல்லியது. ஆனால் சில இழைகளின் நீளம் ஒரு மீட்டரைத் தொடும். ‘காலைத் தூக்கு’ என்ற உத்தரவு மூளையிலிருந்து கீழே போவதும், ‘தரை சுடுகிறது’ என்ற தகவல் மேலே வருவதும் இந்த இழைகள் வழியாகத்தான்.

அதனால் எந்த உயரத்தில் அடிபடுகிறது என்பது முக்கியம். கழுத்தில் அடிபட்டால் கை, கால் இரண்டும் பாதிக்கும்; இன்னும் மேலே என்றால் மூச்சு விடுவதே சிக்கலாகும். முதுகின் நடுவில் என்றால் கைகள் தப்பிக்கும், கால்கள் முடங்கும். வெளியே தெரியாத இன்னொரு பிரச்சினையும் உண்டு: சிறுநீர், மலம் மீதான கட்டுப்பாடு போய்விடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் 1.5 கோடிக்கும் மேற்பட்டவர்கள் தண்டுவடக் காயத்துடன் வாழ்கிறார்கள். சாலை விபத்தும், உயரத்திலிருந்து விழுவதும்தான் முக்கியக் காரணங்கள்.

அடிபட்ட பிறகு உள்ளே என்ன நடக்கிறது?

தண்டுவடம் இரண்டு முறை அடி வாங்குகிறது. முதல் அடி விபத்தின்போதே. நொறுங்கிய எலும்பு தண்டுவடத்தை நசுக்குகிறது. பெரும்பாலானவர்களுக்கு அது முழுசாக அறுபடுவதில்லை, நசுங்கத்தான் செய்கிறது.

இரண்டாவது அடி அதற்குப் பிறகு மணிக்கணக்கில், நாள்கணக்கில் தொடரும். ரத்தக் கசிவு, வீக்கம், ஆக்சிஜன் பற்றாக்குறை, செத்த செல்களிலிருந்து கொட்டும் ரசாயனங்கள் எல்லாம் சேர்ந்து, தப்பித்த பக்கத்து செல்களையும் கொல்லும். சில வாரங்களில் காயம்பட்ட இடத்தில் ஒரு வெற்றுக் குழி உருவாகிவிடும். அதைச் சுற்றித் தழும்புச் சுவர் எழும்பும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. குழிக்கு மேலே மூளையில் இருக்கும் செல்கள் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். குழிக்குக் கீழே காலை இயக்கும் செல்களும் உயிரோடுதான் இருக்கும். நடுவில் இருக்கும் இணைப்புதான் போய்விட்டது. அந்த இடைவெளி பல நேரம் சில சென்டிமீட்டர்தான். அந்தச் சில சென்டிமீட்டரைத் தாண்ட வைப்பதுதான் நூறு வருடத்துக்கும் மேலாக நடக்கும் ஆராய்ச்சி.

கை நரம்பு வளருது... தண்டுவடம் மட்டும் ஏன் வளரவில்லை?

நியாயமான கேள்வி. கையில் ஆழமாக வெட்டுப்பட்டு நரம்பு அறுந்தால், டாக்டர் தைத்துவிட்டபின் அது நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் மெதுவாக வளரும். சில மாதங்களில் உணர்ச்சி திரும்பும். தண்டுவடத்தில் இது நடப்பதில்லை.

சுமார் 3,600 வருடப் பழமையான எகிப்திய மருத்துவச் சுருள் ஒன்று, கழுத்தில் அடிபட்டுக் கை கால் உணர்விழந்தவரைப் பற்றிச் சொல்லிவிட்டு, இது வைத்தியம் செய்ய முடியாத நோய் என்று முடித்துவிடுகிறது. 1906-ல் நோபல் பரிசு பெற்ற ஸ்பெயின் விஞ்ஞானி ரமோன் இ காஹலும், வளர்ந்த மனிதனின் மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புப் பாதைகள் மீண்டும் உருவாவதில்லை என்ற முடிவுக்குத்தான் வந்தார். பல தலைமுறை மருத்துவர்கள் படித்தது இதைத்தான்.

இதை அசைத்துப் பார்த்தது 1981-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் நடந்த ஓர் ஆய்வு. சாமுவேல் டேவிட், ஆல்பர்ட் அகுவாயோ ஆகிய இருவரும் எலியின் கால் நரம்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து, அதைத் தண்டுவடத்துக்கு ஒரு பாலம் மாதிரிப் பொருத்தினார்கள். வளரவே வளராது என்று சொல்லப்பட்ட மூளை, தண்டுவட செல்களின் இழைகள் அந்தப் பாலத்துக்குள் புகுந்து சென்டிமீட்டர் கணக்கில் வளர்ந்தன. பாலம் முடிந்து மறுபடி தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் நின்றுபோயின.

அப்போ, செல்லுக்கு வளரும் திறன் முழுசாகச் செத்துப்போகவில்லை. அது இருக்கும் இடம்தான் வளர விடவில்லை. கால் நரம்பில் இருக்கும் ஏதோ ஒன்று தண்டுவடத்தில் இல்லை. தண்டுவடத்தில் இருக்கும் ஏதோ ஒன்று வளர்ச்சியைத் தடுக்கிறது. இல்லாமல் இருப்பவற்றில் முக்கியமானதுதான் க்ரோத் ஃபேக்டர்.

படுக்கையறையில் தொடங்கிய ஆராய்ச்சி

க்ரோத் ஃபேக்டர் கதை இத்தாலியின் டூரின் நகரில் ஒரு பெண்ணின் படுக்கையறையில் தொடங்குகிறது. ரீட்டா லெவி மொன்டால்சினி. யூதர் என்பதற்காக 1938-ல் முசோலினி அரசு கொண்டுவந்த இனச் சட்டங்களால் பல்கலைக்கழக வேலையை இழந்தவர். அவர் வீட்டிலேயே ஒரு ஆய்வுக்கூடத்தை அமைத்தார். கோழி முட்டைதான் ஆய்வுப் பொருள். தையல் ஊசியைத் தேய்த்துக் கூராக்கி அறுவைக் கருவி செய்துகொண்டார். முட்டைக்குள் வளரும் குஞ்சின் நரம்புகள் எப்படி வளர்கின்றன, ஏன் சாகின்றன என்று பார்த்தார்.

போர் முடிந்ததும் 1947-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்குப் போனார். அங்கே எலியின் புற்றுநோய்க் கட்டி ஒன்றைக் கோழிக் கருவில் வைத்தபோது, சுற்றியிருந்த நரம்புகள் அந்தக் கட்டியை நோக்கிக் கன்னாபின்னாவென வளர்வதைக் கவனித்தார். கட்டியிலிருந்து ஏதோ ஒரு பொருள் கசிகிறது, அதுதான் நரம்பை வளர வைக்கிறது என்று கணித்தார்.

அதைப் பிரித்தெடுக்க உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன் கைகொடுத்தார். ஒரு சோதனைக்காகப் பாம்பு விஷத்தைச் சேர்த்தபோது, விஷத்திலேயே அந்தப் பொருள் ஏராளமாக இருப்பது தெரிந்தது. விஷப் பை என்பது ஒருவகை உமிழ்நீர்ச் சுரப்பிதானே என்று எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியைத் தேடினார்கள், அதிலும் கிடைத்தது. அதுதான் என்ஜிஎஃப் எனப்படும் நரம்பு வளர்ச்சிக் காரணி. இருவருக்கும் 1986-ல் நோபல் பரிசு. ரீட்டா 103 வயது வரை வாழ்ந்து 2012-ல் காலமானார்.

என்ஜிஎஃப்-க்குப் பிறகு ஒரு குடும்பமே கண்டுபிடிக்கப்பட்டது. 1982-ல் பன்றி மூளையிலிருந்து பிடிஎன்எஃப், பின்னர் என்டி-3, ஜிடிஎன்எஃப்; இவற்றோடு எஃப்ஜிஎஃப், ஐஜிஎஃப் என்றும் பட்டியல் நீளும்.

இவை எப்படி வேலை செய்கின்றன?

க்ரோத் ஃபேக்டர் என்பது ஒரு புரதம். ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்குப் போகும் தகவல் மாதிரி. ‘சாகாதே’, ‘வளரு’, ‘இந்தப் பக்கம் வா’ என்பவைதான் பெரும்பாலும் அந்தத் தகவல்கள்.

நரம்பு இழையின் நுனியில் ரிசெப்டார் என்ற பூட்டு இருக்கும். பொருத்தமான க்ரோத் ஃபேக்டர் என்ற சாவி வந்து விழுந்தால் பூட்டு திறக்கும். அந்தச் செய்தி இழை வழியாகவே செல்லின் மையத்துக்குப் பயணித்து, வளர்ச்சிக்கான ஜீன்களை ஆன் செய்யும். என்ஜிஎஃப்-க்கு ஒரு பூட்டு, பிடிஎன்எஃப்-க்கு வேறொரு பூட்டு. எல்லா நரம்பிலும் எல்லாப் பூட்டும் கிடையாது.

அம்மாவின் வயிற்றில் நாம் இருக்கும்போது இது முழு வேகத்தில் நடக்கிறது. தேவைக்கும் அதிகமான நரம்பு செல்கள் முதலில் உருவாகும். தசை, தோல் போன்ற உறுப்புகள் குறைந்த அளவு க்ரோத் ஃபேக்டரைச் சுரக்கும். சரியான இடத்தைத் தேடிப் பிடித்து அதைப் பெற்ற செல்கள் பிழைக்கும், மற்றவை சாகும். நரம்பு எங்கே போக வேண்டும் என்பதை க்ரோத் ஃபேக்டரின் அளவும், இடமும், நேரமும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. வளர்ந்த பிறகு இந்த ஏற்பாட்டின் பெரும்பகுதி நிறுத்தப்பட்டுவிடுகிறது.

சரி, ஊசியாகப் போட்டால் போதாதா?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். விஞ்ஞானிகளுக்கும் தோன்றியது. செய்தும் பார்த்தார்கள். நான்கு சிக்கல்கள் வந்தன.

1. போய்ச் சேர்வதில்லை. இவை பெரிய புரதங்கள். ரத்தத்தில் செலுத்தினால் மூளையையும் தண்டுவடத்தையும் காக்கும் தடுப்பைத் தாண்டுவது கடினம். போனாலும் சீக்கிரம் சிதைந்துவிடும். நரம்பு வளர வாரங்கள், மாதங்கள் ஆகும். மருந்து அவ்வளவு காலம் அங்கே தங்காது. அதனால்தான் தண்டுவட நீரில் நேரடியாகச் செலுத்துவது, மெதுவாகக் கரையும் ஜெல், ஜீனைச் சுமந்து செல்லும் தீங்கற்ற வைரஸ் என்று வழி தேடுகிறார்கள்.

2. வேண்டாத நரம்பும் வளரும். என்ஜிஎஃப் வலியைக் கடத்தும் நரம்புகளையும் வளர்க்கும், தூண்டும். அதனால் தீராத வலி வரலாம். பிடிஎன்எஃப் அளவுக்கு மீறினால் தசைகள் இறுகித் துடிக்கும் நிலை வருவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். ஏற்கெனவே வலியோடு இருப்பவருக்கு இன்னும் வலியைக் கொடுப்பது மருந்து இல்லையே!

3. மிட்டாய்க் கடைப் பிரச்சினை. ஆய்வாளர்களே இதை இப்படித்தான் அழைக்கிறார்கள். காயம்பட்ட இடத்தில் க்ரோத் ஃபேக்டரைக் கொட்டினால் நரம்பு இழைகள் ஆசையாக அங்கே ஓடி வரும். ஆனால் அங்கேயே சுற்றிச் சுற்றி நின்றுவிடும். மிட்டாய்க் கடைக்குள் போன குழந்தை வெளியே வருமா? மறுபக்கம் போய் காலை இயக்கும் செல்லோடு சேர்வதுதான் வேலை. அது நடக்காது.

4. எதிர்த்து நிற்கும் தடைகள். தண்டுவட இழைகளின் மேல் இருக்கும் கொழுப்பு உறையிலேயே வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்கள் இருக்கின்றன. சுவிட்சர்லாந்தின் மார்ட்டின் ஷ்வாப் குழு கண்டறிந்த ‘நோகோ’ அதில் பிரபலமானது. பெயரே ‘போகாதே’ என்றுதான் அர்த்தம். பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஆக்சிலரேட்டரை முறுக்கினால் வண்டி எப்படி நகரும்?

2018: மூன்றும் சேர்ந்தபோது நடந்தது

‘எந்த ஒன்று போதும்?’ என்ற கேள்வியை விட்டுவிட்டு, ‘எதெல்லாம் சேர்ந்து வேண்டும்?’ என்று ஒரு குழு கேட்டது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தின் மைக்கேல் சோஃப்ரோனியூ, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருக்கும் இபிஎஃப்எல் நிறுவனத்தின் கிரெகுவார் குர்டீன், மார்க் ஆண்டர்சன் ஆகியோர் அதில் இருந்தார்கள். 2018-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த அவர்களின் ஆய்வில், தண்டுவடம் முழுமையாகத் துண்டிக்கப்பட்ட எலிகளுக்கு மூன்று விஷயங்களைச் சேர்த்துக் கொடுத்தார்கள்.

முதலாவது, நரம்பு செல்லைத் தட்டி எழுப்புவது. ஐஜிஎஃப்-1, சிஎன்டிஎஃப், ஆஸ்டியோபான்டின் ஆகியவற்றின் ஜீன்களை வைரஸ் மூலம் செலுத்தி, சின்ன வயதில் இருந்த வளரும் திறனை மீண்டும் ஆன் செய்தார்கள்.

இரண்டாவது, நரம்பு நடந்து போகத் தரை போடுவது. எஃப்ஜிஎஃப்-2, இஜிஎஃப் கலந்த ஜெல்லைக் காயத்தில் வைத்தார்கள். குழியாகப் போக வேண்டிய இடம் நரம்பு ஊன்றி வளரும் இடமாக மாறியது.

மூன்றாவது, வழி காட்டுவது. மறுபக்கத்தில் ஜிடிஎன்எஃப் வைத்து நரம்பைத் தன் பக்கம் இழுத்தார்கள். மிட்டாய்க் கடையைத் தள்ளித் தள்ளி வைப்பது மாதிரி.

மூன்றில் ஒன்று குறைந்தாலும் பலனில்லை. மூன்றும் சேர்ந்தபோது, எதுவும் பெறாத எலிகளைவிட நூறு மடங்கு அதிகமான இழைகள் காயத்தைத் தாண்டின. மின் சமிக்ஞையும் கடந்து போனது. இவ்வளவு நடந்தும் எலி நடக்கவில்லை.

2023: எலி நடந்தது எப்படி?

பாலம் கட்டியாயிற்று, வண்டியும் போகிறது. பிறகு ஏன் நடக்கவில்லை? அடுத்த ஐந்து வருடம் இதைத்தான் தேடினார்கள். விடை 2023-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது.

பாதிக் காயம் மட்டும் பட்ட எலிகள் தானாகவே ஓரளவு தேறி நடக்கும். அந்த எலிகளில் எந்த வகை நரம்பு செல்கள் அந்த வேலையைச் செய்கின்றன என்று ஒவ்வொரு செல்லாக ஆராய்ந்து, ஒரு குறிப்பிட்ட வகையை அடையாளம் கண்டார்கள். நடு முதுகில் தொடங்கி, காலை இயக்கும் இடுப்புப் பகுதிக்குப் போகும் செல்கள் அவை. இந்த முறை அந்தச் செல்களை மட்டும் வளர வைத்து, அவை இயல்பாகப் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கே ஜிடிஎன்எஃப் கொண்டு இழுத்துப் போனார்கள். முழுமையாகத் துண்டிக்கப்பட்ட தண்டுவடம் கொண்ட எலிகள் நடந்தன. பாதிக் காயத்திலிருந்து தானாகத் தேறிய எலிகளைப் போன்ற நடை அது.

வாட்ஸ்அப்பில் வருவதில் விடுபட்டுப்போவது இந்தப் பகுதிதான். அந்த எலி நடந்ததற்குக் காரணம் க்ரோத் ஃபேக்டர் மட்டும் இல்லை. சரியான செல், சரியான பாதை, சரியான சேருமிடம் மூன்றும் பொருந்தியதுதான் காரணம். க்ரோத் ஃபேக்டர் செடிக்குப் போடும் உரம் இல்லை, தூவிவிட்டுக் காத்திருக்க. விலாசம் தெரிந்தால்தான் அதற்கு வேலை.

இன்னொன்று. இது எலி. அதன் தண்டுவடத்தில் நரம்பு சில மில்லிமீட்டர் வளர்ந்தாலே போதும். மனிதனில் அதே இழை பல சென்டிமீட்டர் போக வேண்டும். அதோடு, 2018 ஆய்வில் செல்லை எழுப்பும் ஜீன்களைக் காயம் ஏற்படுத்துவதற்கு முன்பே கொடுத்துவிட்டார்கள். விபத்துக்கு முன்பே மனிதனுக்கு மருந்து கொடுக்க முடியாது.

மீன் தொட்டியில் இருக்கும் விடை

தண்டுவடத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் உயிரினங்களும் உண்டு. அதில் ஒன்று மீன் கடையில் சல்லிசாகக் கிடைக்கும் வரிக்குதிரை மீன். நம் இந்தியத் துணைக்கண்டத்து ஆறு, வயல்களைச் சேர்ந்தது. தண்டுவடம் முழுதாக அறுபட்டாலும் சுமார் எட்டு வாரத்தில் மறுபடி நீந்தும்.

2016-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு, இந்த மீனின் காயத்தில் சிடிஜிஎஃப் என்ற க்ரோத் ஃபேக்டர் அதிகமாக உருவாவதைக் கண்டுபிடித்தது. அது இல்லாவிட்டால் மீன் தேறுவதில்லை. அதிகமாகக் கொடுத்தால் சீக்கிரம் தேறுகிறது. மனிதனின் சிடிஜிஎஃப்பை அந்த மீனுக்குக் கொடுத்தாலும் வேலை செய்தது! அப்போ, புரதம் நம்மிடமும் இருக்கிறது. காயம்பட்ட நேரத்தில் அதற்குப் பதில் கொடுக்கும் செல்கள் நம்மிடம் வேறு மாதிரி நடந்துகொள்கின்றன. மீனில் அவை பாலம் கட்டுகின்றன, நம்மிடம் தழும்பு கட்டுகின்றன.

மனிதர்களிடம் சோதித்துப் பார்த்தார்களா?

பார்த்திருக்கிறார்கள். முக்கியமான சில:

• தைவான்: 1996-ல் ஸ்வீடனில் ஹென்ரிக் செங், லார்ஸ் ஓல்சன் குழு, எஃப்ஜிஎஃப்-1 கலந்த பசையும் நரம்புப் பாலமும் வைத்து எலிகளின் கால் அசைவை ஓரளவு மீட்டது. அதே எஃப்ஜிஎஃப்-1 தைவானில் 60 நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டு, முடிவுகள் 2011-ல் வெளிவந்தன. சிலருக்கு முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் மருந்து பெறாத ஒப்பீட்டுக் குழு இல்லாததால், முன்னேற்றம் மருந்தால் வந்ததா, தானாக வந்ததா என்று பிரிக்க முடியவில்லை.

• ஜப்பான் - ஹெச்ஜிஎஃப்: கழுத்தில் கடுமையாக அடிபட்ட 43 பேரிடம் நடந்த ஆரம்பகட்ட சோதனை. விபத்து நடந்து சுமார் மூன்று நாளில் தொடங்கி, வாரம் ஒன்றாக ஐந்து ஊசி, தண்டுவட நீரில். ஒரு பகுதியினருக்குப் போலி மருந்து. பாதுகாப்பில் பெரிய பிரச்சினை இல்லை, தசை இயக்கத்தில் நம்பிக்கை தரும் அறிகுறிகள் தெரிந்தன என்று 2020-ல் சொன்னார்கள்.

• ஜப்பான் - ஜி-சிஎஸ்எஃப்: புற்றுநோய் சிகிச்சையில் ரத்த வெள்ளணுக்களைக் கூட்டக் கொடுக்கப்படும் காரணி. 88 பேரிடம், போலி மருந்தோடு ஒப்பிட்டு, முறையாக நடந்த மூன்றாம் கட்டச் சோதனை. 2021-ல் வந்த முடிவு: எதிர்பார்த்த முக்கியப் பலன் கிடைக்கவில்லை.

• ஐரோப்பா: இது க்ரோத் ஃபேக்டர் இல்லை, மேலே சொன்ன ‘நோகோ’ பிரேக்கைத் தளர்த்தும் ஆன்டிபாடி. 2024 இறுதியில் வந்த முடிவின்படி, ஒட்டுமொத்தமாகப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் தண்டுவடத் தொடர்பு கொஞ்சம் மிச்சம் இருந்தவர்களிடம் பலன் அறிகுறிகள் தெரிந்தன.

இதில் ஒப்பீட்டுக் குழு ஏன் இவ்வளவு முக்கியம்? அடிபட்ட முதல் சில மாதங்களில் பலருக்கு எந்தப் புது மருந்தும் இல்லாமலேயே ஓரளவு முன்னேற்றம் வரும். அந்த நேரத்தில் யார் எதைக் கொடுத்தாலும் ‘எங்க மருந்தால்தான் விரல் அசைந்தது’ என்று சொல்லிவிடலாம்.

அப்படியானால் க்ரோத் ஃபேக்டரே ஏமாற்று வேலையா? இல்லை. என்ஜிஎஃப் கலந்த கண் சொட்டு மருந்து, கருவிழி நரம்பு பாதித்தவர்களுக்காக 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கு க்ரோத் ஃபேக்டர் ஜெல் உண்டு. மருந்து போய்ச் சேர வேண்டிய இடம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் பலன் கிடைக்கிறது. தண்டுவடம் அப்படி எட்டும் இடமில்லை.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

இதுதான் இந்தக் கட்டுரையின் அவசியமே. தண்டுவடக் காயத்துக்கான க்ரோத் ஃபேக்டர் இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. ஸ்டெம் செல் விஷயத்திலும், சில ரத்த நோய்களுக்கான மாற்று சிகிச்சை போன்றவை தவிர மற்றதை ஆய்வுக்கு வெளியே சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது என்பதுதான் ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல். யாராவது ‘பேக்கேஜ்’ போட்டுக் கூப்பிட்டால் இதைக் கேளுங்கள்:

1. இது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையா, மருத்துவ ஆய்வா? ஆய்வு என்றால் சிடிஆர்ஐ பதிவு எண் என்ன? இந்தியாவில் 2009 முதல் மருத்துவ ஆய்வுகளுக்கு இந்தப் பதிவு கட்டாயம். அரசு இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

2. பணம் ஏன் கேட்கிறீர்கள்? முறையான ஆய்வில் சோதனை மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்க மாட்டார்கள்.

3. ஒப்பீட்டுக் குழு இருந்ததா? பேஷன்ட் வீடியோ ஆதாரம் ஆகாது.

4. எந்தக் காரணி, எந்த இடத்தில், எத்தனை நாளுக்கு? ‘எல்லாம் கலந்தது’ என்று பதில் வந்தால் கிளம்பிவிடுங்கள்.

5. வலி, தசை இறுக்கம், கிருமித்தொற்று வந்தால் யார் பொறுப்பு?

கேள்வி கேட்டதும் கோபப்படும் இடத்தில் பதில் இருக்காது.

மருந்து வரும்வரை...

‘ஒண்ணும் பண்ண முடியாது’ என்று கைவிடுவதும் தவறு. தண்டுவடக் காயம் பட்டவர்களின் உயிரைப் பறிப்பது பல நேரம் படுக்கைப் புண்ணும், சிறுநீர்த் தொற்றும், நுரையீரல் தொற்றும்தான். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, சிறுநீர்ப்பையை முறையாகக் காலி செய்யக் கற்பது, மூட்டுகள் இறுகாமல் பயிற்சி கொடுப்பது எல்லாம் இன்றைக்கே பலன் தருபவை. நாளைக்கு ஒரு மருந்து வந்தாலும், இறுகிப்போன மூட்டிலும் சூம்பிப்போன தசையிலும் அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

இதற்கு வேலூரே சாட்சி. 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூர் சிஎம்சி-யில் அந்தத் துறையை வளர்த்தார். 1966-ல் அங்கே மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது.

சாலையில் விபத்தைப் பார்க்கும் நம் கையிலும் ஒரு பொறுப்பு இருக்கிறது. தீ, மோத வரும் வண்டி போன்ற உடனடி ஆபத்து இல்லையென்றால், அடிபட்டவரைக் கை காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போடாதீர்கள். ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்காதீர்கள். தலையும் கழுத்தும் அசையாமல் பார்த்துக்கொண்டு 108-க்கு அழையுங்கள். நசுங்கிய தண்டுவடத்தில் மிச்சமிருக்கும் கொஞ்சம் இழைகள்தான் பின்னால் தேறுவதற்கான முதலீடு. அதைக் காப்பாற்றும் மருந்து எதுவும் அந்த இடத்தில் நம்மிடம் இருக்காது.

கடைசியாக, அந்த வாட்ஸ்அப் கேள்விக்கு வருவோம். ‘எங்கே கொடுக்கிறாங்க?’ இன்றைய தேதியில், தண்டுவடக் காயத்துக்கு க்ரோத் ஃபேக்டர் கொடுக்க வேண்டிய இடம் முறையான ஆய்வு மட்டும்தான். ‘எவ்ளோ ஆகும்?’ அப்படிப்பட்ட ஆய்வில் அந்த மருந்துக்கு நீங்கள் கட்ட வேண்டியது பூஜ்ஜியம். லட்சக்கணக்கில் யாராவது கேட்டால், அந்தப் பணத்தை நல்ல சக்கர நாற்காலிக்கும், காற்று மெத்தைக்கும், பிசியோதெரபிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.